பாதி மீசை

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “சரி, கிளம்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். பஸ் நகரும்வரை நிற்பவன் நீ. அன்றைக்கு நிற்கவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வகுப்பறைக் குரலுக்குப் போய்விடுவேன். இருவருக்கும் பிரயோஜனம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சாரத்துக்குக் கீழே நின்ற உனக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் முழுக்கப் புகையும் தூசியும் படிந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யலாமா, செய்தால் எதைக் கொண்டு செய்வது என்று சோதிப்பதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம். முறைப்படிதான் தொடங்கினேன். யார் கண்ணிலும் படாத ஓரத்தில், கண்ணாடியில் நிற்கும் உங்கள் பெரிய டாக்டரின் செருப்புக்குப் பக்கத்தில், காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சுக் குச்சியை உருட்டிப் பார்த்தேன். அழுக்கு வந்தது, வண்ணம் அசையவில்லை. அங்கியின் மடிப்பில் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. அந்தத் தைரியத்தில் முகத்துக்குப் போனேன். பஞ்சு கறுப்பாக வந்தது. புகை என்று நினைத்தேன். இன்னொரு குச்சியை எடுத்து உருட்டினேன். தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், நமக்கு வலப்பக்கமாக இருக்கும் பாதி மீசையைக் காணோம்.

நீ கீழிருந்து, “என்னக்கா பண்ணித் தொலைச்சே?” என்று கேட்டாய். எனக்கே பதில் தெரியாததால் சொல்லவில்லை. இப்போது தெரியும். பூப்போட்ட பீங்கான் கோப்பையை எத்தனை தடவை கழுவினாலும் பூ போகாது. அந்த வண்ணம் சூளையில் வெந்து கோப்பையோடு ஒன்றாகிவிட்டது. அதே கோப்பையில் பேனாவால் பெயர் எழுதினால் முதல் கழுவலிலேயே போய்விடும். அந்த ஜன்னலில் எல்லாமே சூளையில் வெந்த வண்ணம். மீசை மட்டும் பேனா எழுத்து. முகத்தைத் தொடுமுன் முகத்தையும் தனியாகச் சோதித்திருக்க வேண்டும். முன் பெஞ்சுப் பையன் சரியாகப் பதில் சொன்னதும் வகுப்பு முழுவதற்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குத் தாவும் வாத்தியாரைப் போல நடந்துகொண்டேன். காலமெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் செய்கிற காரியமா இது?

மூன்று விஷயம் உன்னிடம் கேட்கிறேன். சாரத்தைப் பிரிக்காதே. யாரையும் அந்த முகத்தைத் துடைக்க விடாதே. மீசையோடு வந்த பஞ்சுக் குச்சிகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று ஆஸ்பத்திரி கமிட்டிக்குச் சொல். நடந்ததை நடந்தபடியே ஆய்வேட்டில் எழுதப் போகிறேன்.

கோபமாக இருந்தாலும் பதில் எழுது.

உன் அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

பஸ் நகரும்வரை நின்றிருந்தால் உன் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, உன்னைச் சாரத்தில் ஏற்றி, சரி செய்துவிட்டுப் போ என்று சொல்லியிருப்பேன். அதற்குப் பயந்துதான் போய்விட்டேன்.

கமிட்டிக்குச் சொல் என்கிறாய். எதைச் சொல்வது? நீ சாரம் ஏறியதே கமிட்டிக்குத் தெரியாது. வேறு யாராவது ஆராய்ச்சி என்று வந்திருந்தால் மனு எழுதச் சொல்லி, கூட்டத்தில் வைத்து, நாலு மாதம் நடக்க விட்டிருப்பேன். நீ வந்து நின்றதும், நம்ம அக்காதானே என்று என் கையெழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டேன். நிர்வாக அலுவலர் வேலையில் இத்தனை வருஷத்தில் நான் விதியை மீறியது இது ஒன்றுதான். செப்டம்பர் முடிவில் எனக்கு ஓய்வு. ஒரு கறையும் இல்லாமல் வெளியே போகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

அந்த ஜன்னல் உனக்கு நான்காம் அத்தியாயம். இங்கே அது அடையாளம். “மீசைக்காரர்கிட்ட நில்லு, இதோ வந்துடறேன்” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரிய டாக்டரின் பேரன்தான் இப்போது கமிட்டித் தலைவர். அவர் அதே மீசையை வளர்த்து, அதே மாதிரி முறுக்கிவிட்டுக்கொண்டு வருகிறார். ஜன்னலைப் பார்த்துத்தான் மீசையையே கத்தரிக்கிறார் என்று அவர் இல்லாதபோது பேசிக்கொள்வார்கள். அவரிடம் போய், உங்கள் தாத்தாவின் பாதி மீசை என் அக்காவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாக்கும்!

ஒன்று சொல்கிறேன். இதுவரை ஒருத்தரும் கவனிக்கவில்லை. தினமும் காலையில் படியடியில் நின்று ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். டாக்டர்கள் போனைப் பார்க்கிறார்கள். நோயாளிகள் படியைப் பார்க்கிறார்கள். கூட வருகிறவர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள். தலையைத் தூக்குகிறவன் நான் ஒருவன்தான். யாரும் பார்க்காத ஒன்றை நீ ஏன் ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டும்?

பள்ளிக்கூடச் சுவரில் அத்தனை படமும் நீ வரைந்ததுதானே? ஒரு நாள் வந்து அந்தப் பாதியை வரைந்துவிட்டுப் போ. ஆய்வேட்டில் அதைப் பற்றி எழுதாதே. ஆஸ்பத்திரியின் சம்மதக் கடிதம் இல்லாமல் உன்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். நீ என்ன முடிவு செய்தாய் என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

சாரத்தைப் பிரித்தாகிவிட்டது. ஸ்ட்ரெச்சர் திரும்ப இடம் இல்லை.

தம்பி

*

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

சம்மதக் கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாய். சின்ன வயதில் என் செருப்பை ஒளித்து வைத்துக்கொண்டு சைக்கிள் கேட்பாயே, அதே முகம்தான் கண்ணில் வருகிறது. சரி, அது இருக்கட்டும்.

முதலில் ஒரு செய்தி. மீசையின் ஓரத்திலிருந்து தானாக உதிர்ந்து பஞ்சில் ஒட்டிக்கொண்ட துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். அடியில் கண்ணாடியோடு வெந்த வண்ணத்தின் பொடி. அதன்மேல் புகை. புகைக்கு மேல் மீசை. தூசி படிந்த மேஜையில் யாரோ காகிதம் விரித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். காகிதத்துக்கு அடியிலும் தூசி இருந்தால் எது முந்தி, எது பிந்தி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் வைத்தபோது அந்த முகத்தில் மீசை இல்லை. பல வருஷம் புகை படிந்த பிறகு யாரோ ஏறி வரைந்திருக்கிறார்கள்.

அப்பாடா, போனது ஒட்டு மீசைதானே என்று நீ நினைப்பாய். நானும் ஒரு நாள் முழுக்க அப்படி நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பின்னால் வந்தது என்பதற்காக அழிக்கலாம் என்று யார் சொன்னது? உங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களெல்லாம் பார்த்தது மீசையோடு இருக்கும் முகத்தைத்தான். வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று அவர்கள் பேசி முடிவு செய்திருக்க வேண்டியதை நான் ஒரு பஞ்சுக் குச்சியால் முடித்துவிட்டேன். மரபுச் சின்னங்களைப் பராமரிப்பது பற்றி இரண்டு வருஷமாகப் படித்ததில் முதல் பாடமே அதுதான்.

என் கைடுக்கு என் மகள் வயது. நல்ல பெண். அவள் சொன்னாள்: “டீச்சர், பின்னிணைப்புல ஒரு வரி போதும். சோதனையின்போது சிறு இழப்புன்னு போட்டுடுங்க. பொய் இல்லையே.” பொய் இல்லைதான். எழுதினேன். அடித்தேன். வேறு இடத்தில் எழுதினேன். அதையும் அடித்தேன். ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறேன். பக்கத்து அறைப் பெண், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டாள்.

வரைவதைப் பற்றி: வரையலாம். எப்போது வேண்டுமானாலும் தண்ணீரில் எடுத்துவிடக்கூடிய வண்ணத்தில் அந்தப் பாதியை நிரப்புவது எங்கள் தொழிலில் ஒப்புக்கொண்ட வேலை. ஆனால் யார், என்று, எதால் வரைந்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். கமிட்டி சம்மதிக்க வேண்டும். எழுதாமல் வரைந்தால், நாளைக்கு இன்னொரு மாணவி வந்து என் மீசையைப் பழைய மீசை என்று நம்பி ஒரு அத்தியாயம் எழுதுவாள். அவளை நினைத்தால் எனக்குக் கை வராது.

யாரும் பார்க்கவில்லை என்கிறாயே, அதுதான் எனக்கு இருப்புக்கொள்ளாமல் செய்கிறது. யாராவது பார்த்துத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரிய டாக்டரின் இளவயதுப் படம் ஆபீஸில் எங்காவது இருக்கிறதா?

உன் அக்கா

*

ஜூலை 10

அக்காவுக்கு,

ஆபீஸில் இருப்பது ஒரே படம். வயதான காலத்தில் எடுத்தது. மீசை இருக்கிறது. இளவயதில் இருந்ததா என்று கேட்டால் தலைவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்.

வருகிற பதினெட்டாம் தேதி புதிய பிரிவு திறப்பு விழா. விழா முடிந்ததும் தலைவர் மாடிப்படியில், தாத்தாவுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறார். போட்டோக்காரனை அவரே ஏற்பாடு செய்துவிட்டார். வேறு இடம் நன்றாக இருக்கும் சார், தோட்டத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் சார் என்று சொல்லிப் பார்த்தேன். “தோட்டத்துல தாத்தா இருக்காரா?” என்று கேட்டார்.

நாளைக்கு வரப்போகும் எவளோ ஒரு மாணவியை நினைத்தால் உனக்குக் கை வரவில்லை. கூடப் பிறந்தவனை நினைத்தாயா? ஒரு தடவையாவது அக்காவாக இரு. டீச்சராக இருக்காதே.

வரமாட்டாய் என்று தெரியும். விடு. பிரஷ் பிடிக்க உலகத்தில் நீ ஒருத்திதான் பிறந்திருக்கிறாயா?

தம்பி

*

ஜூலை 13

தம்பி,

உன் கடைசி வரியைப் படித்தேன். காலையிலிருந்து போன் செய்கிறேன், எடுக்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன்.

எதையும் செய்யாதே. யாரையும் செய்ய விடாதே. போர்டு எழுதுகிறவரைக் கூப்பிடாதே. விழாவுக்குத் திரை போட்டு மூடிவிட்டு, பராமரிப்பு நடக்கிறது என்று ஒரு அட்டை எழுதி வை. அது உண்மையும்கூட.

அந்த முகத்தில் இன்னும் பாதி மீசை மிச்சம் இருக்கிறது. ஈரக்கை பட்டால் அதுவும் போய்விடும்.

அக்கா

*

ஜூலை 30

அக்காவுக்கு,

உன் கூரியர் திங்கட்கிழமை வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிட்டேன்.

சிரிக்காமல் படி. இல்லை, சிரித்துக்கொள். அதற்குத்தான் லாயக்கு.

உள்பக்கம் மறுபடி சாரம் கட்டினால் எல்லோரும் கேட்பார்கள். அதனால் வெளிப்பக்கம் போனேன். மருந்துக் கிடங்கின் மொட்டைமாடியில் ஏறினால் அந்த ஜன்னலுக்கு வெளியே உள்ள சன்ஷேடில் நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு வண்ணமும் ஒரு பிரஷும் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடிதானே, இந்தப் பக்கம் வரைந்தால் அந்தப் பக்கம் தெரியும் என்பது என் கணக்கு. உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக யோசித்துவிட்டேன் என்ற பெருமைகூட இருந்தது. மிச்சமிருக்கும் மீசையைத் தொடவே வேண்டாம் பார்.

வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் முழுக்கக் கறுப்பு. உள்ளேயிருந்து பார்க்கும் பச்சையும் நீலமும் சிவப்பும் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டைகளும் அழுக்குத் தகடுகளும்தான். கண் எது, மூக்கு எது ஒன்றும் புரியவில்லை. பட்டைகளின் வளைவை வைத்து முகம் இருக்கும் துண்டைக் கண்டுபிடித்தேன். வலப்பக்கம், வலப்பக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, மூச்சைப் பிடித்து, வலது கைப்பக்கம் அழகாக ஒரு பாதி மீசை வரைந்தேன்.

இறங்கி உள்ளே வந்து படியில் நின்று பார்த்தேன். உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். உள்ளே வலப்பக்கம் என்றால் வெளியே இடப்பக்கம். ஏற்கெனவே மீசை இருந்த பாதியின் மேல் இன்னொரு மீசை. அந்தப் பக்கம் அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்ட மாதிரி கன்னங்கரேலென்று இருந்தது. இந்தப் பக்கம் பச்சைக் குழந்தை மாதிரி மொழுமொழு.

பின்னால் ஹெட் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. அவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன சார், நம்ம மீசைக்காரருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சா?”

“அழுக்கு சிஸ்டர்” என்றேன்.

“உங்க சட்டைக் கையிலயும் அதே அழுக்குதான் சார்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் மூக்குக்குக் கீழே சொறிந்துகொள்கிறார்.

அழிக்கலாம் என்று மறுபடி ஏறப் போனால் மழை பிடித்துக்கொண்டது. சன்ஷேடில் நிற்க முடியவில்லை. மழை அதைக் கரைத்து, தாடையில் இறக்கி, கழுத்துப்பட்டி வரைக்கும் கோடு கோடாக ஓட விட்டது. பதினெட்டாம் தேதி தலைவர் வந்தார். அந்தக் கோலத்துக்குக் கீழே நின்று மீசையைத் தடவிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் பெரிதாக்கப்பட்டு இப்போது அவர் அறையில் மாட்டியிருக்கிறது. அதிலும் தெளிவாகத் தெரிகிறது.

தப்பித்தாயே, பேசாமல் இரு என்று சொல்லிக்கொள்கிறேன். முடியவில்லை. மாடிக்குப் போக லிப்டில் போகிறேன். லிப்டிலிருந்து இறங்கியதும் கால் தானாகப் படிப்பக்கம் போய், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேனாம். உங்களுக்கு ஓய்வு இன்னும் வரவே இல்லை, அதற்குள் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று உன் தம்பி மனைவி கேட்கிறாள்.

அந்தக் கறுப்பை நான் என்ன செய்யட்டும்? வெளிப்பக்கம்தானே, சோப்புத் தண்ணீரில் துடைக்கலாமா?

தம்பி

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து அறைப் பெண் வந்து கதவைத் தட்டும் அளவுக்குச் சிரித்தேன். பிறகு நீ சன்ஷேடில் நின்றாய் என்ற வரியைத் திரும்பப் படித்தேன். உனக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். சிரிப்பு நின்றுவிட்டது.

துடைக்காதே. வெளிப்பக்கக் கண்ணாடியை மழையும் வெயிலும் இத்தனை காலம் அரித்திருக்கின்றன. தொட்டால் வழவழப்பாகத் தெரியும், ஆனால் பெரியம்மை போட்ட முகம் மாதிரி நுண்ணிய குழிகள் இருக்கும். உன் கறுப்பு அந்தக் குழிகளில் இறங்கியிருக்கும். சோப்போடு தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும். எடுக்கலாம், மெதுவாக, தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும். அதுவரை அப்படியே இருக்கட்டும்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன்.

நான்காம் அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதிவிட்டேன். எங்கே சோதித்தேன், எங்கே சோதிக்காமல் விட்டேன், பாதி மீசை எப்படிப் போனது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எல்லாம் அதில் இருக்கின்றன. கைடு படித்துவிட்டு, “இதைப் படிச்சா தேர்வாளர் உங்களைக் கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க டீச்சர்” என்றாள். கேட்கட்டும். நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்.

செப்டம்பருக்குள் உன் சம்மதக் கடிதம் வராவிட்டால் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வரிகூடச் சமர்ப்பிக்க முடியாது. அப்படியானால் வேறொரு ஜன்னலைத் தேடிக்கொண்டு இன்னொரு வருஷம் படிப்பேன். முட்டி வலியோடு இன்னொரு வருஷம் சாரம் ஏற முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் பட்டம் இல்லாமல் வீட்டுக்கு வருவேன். ஆனால் அந்தப் பின்னிணைப்பு வரியை மட்டும் எழுத மாட்டேன். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கையெழுத்து உன்னுடையது, அதை நீதான் தீர்மானிக்க வேண்டும்.

நீ பயப்படாமல் இருக்க ஒன்று செய்திருக்கிறேன். அத்தியாயத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பார். முகத்தின் வெளிப்பக்கக் கறையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது, தலைவரின் விழாப் படத்திலேயே அது தெரிகிறது என்கிறாயே. ஆனால் உன்னைச் சொல்லவில்லை. ‘வெளிப்புறத்தில் அண்மைக்காலக் கறுப்புக் கறை; காரணம் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அனுமதி பற்றியும் ‘நிர்வாகத்தின் அனுமதியோடு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். உன் ஓய்வுக்கு இதனால் ஒன்றும் வராது. அக்காவாக இரு என்று கேட்டாய் அல்லவா?

மறுபடி சன்ஷேடில் ஏறாதே.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

உன் அத்தியாயத்தைப் படித்தேன். பாதிக்கு மேல் புரிந்தது. உன் தவறு வரும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘ஆய்வாளர் முகப்பகுதியைத் தனியாகச் சோதிக்கத் தவறினார்’ என்று உன்னையே யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். அதற்கு நாலு வரி தள்ளி, காரணம் தெரியவில்லை என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடி எழுந்து போனேன். ஆபீஸ் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், எடுத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் நேற்று நடந்த கமிட்டிக் கூட்டத்தில், இதர விஷயங்கள் என்று வந்ததும் எழுந்து நின்றேன்.

தலைவரின் அறையில்தான் கூட்டம். என்ன சொல்வது என்று தயார் செய்துகொண்டு போனது எல்லாம் மறந்துபோனது. சுவரில் இருந்த அந்தப் படத்தைக் காட்டி, கொஞ்சம் பாருங்கள் சார் என்றேன்.

“இதுல என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“நீங்க நல்லா இருக்கீங்க சார். பின்னாடி இருக்கறவரைப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். ரொம்ப நேரம் பார்த்தார். கை தானாக அவர் மீசைக்குப் போனது, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். வயதான உறுப்பினர் ஒருவர் இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“யாரு பண்ணது இதை?”

“ஒரு பாதி எங்க அக்கா சார். இன்னொரு பாதி நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அனுமதி, பஞ்சுக் குச்சி, சன்ஷேடு, வலம் இடம் மாறியது, மழை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலைவர் உட்கார்ந்துவிட்டு, எனக்கே கூச்சம் வரும்படியான சின்னக் குரலில் கேட்டார்: “அப்ப தாத்தாவுக்கு மீசையே கிடையாதா?”

“அவருக்கு எப்ப வந்துதுன்னு தெரியாது சார். ஜன்னல்ல அது பல வருஷம் கழிச்சுத்தான் வந்துது. யாரோ வரைஞ்சுட்டு, வரைஞ்சேன்னு எழுதி வெக்காமப் போயிட்டாங்க.”

இதைச் சொல்லும்போதுதான் நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே கேட்டது.

முடிவு இது. என்மேல் விசாரணை உண்டு. அது முடியும்வரை என் ஓய்வு உத்தரவு நிறுத்தி வைக்கப்படும். செப்டம்பரில் பாராட்டு விழா கிடையாது. விஷயம் தெரிந்த நிபுணர் வந்து பார்க்கும்வரை ஜன்னலை யாரும் தொடக்கூடாது. மீசை வேண்டுமா வேண்டாமா என்பதை ஆஸ்பத்திரியில் இருப்பவர்களையும் கேட்டு முடிவு செய்வார்கள். ஹெட் நர்ஸ் இப்போதே கட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார், மீசை வேண்டாம் கட்சி. உன் ஆய்வேட்டுக்குக் கமிட்டியே சம்மதம் கொடுத்துவிட்டது. தலைவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் நிற்கும் அந்தப் படத்தை மட்டும் போட வேண்டாமாம்.

வீட்டில் சொன்னேன். அதனால்தான் சாப்பாடு இறங்கவில்லையா என்றாள். நேற்று முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். பயம் போகவில்லை. விசாரணை எப்படி முடியும் என்று தெரியாது. ஆனால் இன்று லிப்டை விட்டுவிட்டுப் படியேறித்தான் போனேன்.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. அதை நீ பயன்படுத்த என் பக்கம் ஒரு நிபந்தனை. அக்காவாக இரு என்று கேட்டது நான்தான். தப்பாகக் கேட்டுவிட்டேன். எனக்காக நீ எழுதிய அந்த இரண்டு வார்த்தையை என்னால் படிக்க முடியவில்லை. உன் பெயருக்கு நேரே எல்லாவற்றையும் எழுதிவிட்டு என் பெயருக்கு நேரே காரணம் தெரியவில்லை என்று எழுதினால், நாளைக்கு வரப்போகும் அந்த மாணவி யாரை நம்புவாள்? அதை அடித்துவிடு. வெளிப்பக்கம் வரைந்தது ஆஸ்பத்திரியின் நிர்வாக அலுவலர் என்று எழுது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கறுப்பு வண்ணம், ஜூலை மாதம், தவறான பக்கம் என்றும் எழுது.

‘ஓய்வுபெற்ற’ என்று முன்னால் சேர்த்துவிடாதே. அது இன்னும் ஆகவில்லை.

தம்பி